பக்கம் திருப்புகிறவள்

எங்கள் இசைக்குழுவில் அறுபத்திரண்டு பேர். வயலின் வாசிப்பவர்களைப் பற்றிப் பேசுவார்கள். டிரம்பெட் ஊதுபவர்களைப் பற்றிப் பேசுவார்கள். பெரிய முரசு அடிக்கிற பையனைப் பற்றி அவன் அம்மா ஊரெல்லாம் பேசுவார். ஆனால் பக்கம் திருப்புகிறவர்களைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

எனக்குப் பதினொரு வயது. வீட்டில் என்னை 'அட்டை' என்று கூப்பிடுவார்கள். ஈர மண்ணில் ஊர்ந்து வந்து காலில் ஒட்டிக்கொள்ளுமே, அந்த அட்டை. அண்ணன் வைத்த பெயர். நான் எதையாவது பிடித்தால் விடவே மாட்டேனாம். குழுவில் சேர்ந்த முதல் நாள் நான் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன். அம்மா அதைத் தூக்கிக்கொண்டு வந்து, பயிற்சிக் கூடத்து வாசலில் நின்று, "அட்டை, உன் தண்ணி" என்று கூப்பிட்டார். போயிற்று மானம். அன்றிலிருந்து அறுபத்திரண்டு பேருக்கும் நான் அட்டைதான்.

குழுவின் முழுப்பெயர் 'வட்டார இளையோர் சிம்பொனி இசைக்குழு'. ஏழு ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறோம். சனிக்கிழமை தோறும் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பயிற்சி செய்வோம். எல்லோருக்கும் முதுகில் அந்தப் பெயர் அச்சடித்த சட்டை கொடுத்தார்கள். என் சட்டை சின்னது. இடம் போதாமல் கடைசி எழுத்து அக்குளுக்கு அடியில் போய்விட்டது.

இந்தச் சட்டைக்காக நான் இரண்டு முறை தேர்வில் தோற்றேன். மூன்றாம் முறைதான் எடுத்தார்கள். அதனால் எழுத்து எங்கே போனாலும் எனக்குக் கவலையில்லை.

நான் இரண்டாம் வயலின் வரிசை. முதல் வயலின்காரர்களுக்குப் பாட்டு பாட்டாகக் கிடைக்கும். எங்களுக்குக் கிடைப்பது 'டக டக டக டக'. அரை மணி நேரம் 'டக டக'. எங்கள் லாண்டரிக் கடையில் இருக்கும் சலவை இயந்திரம்கூட இதைவிட நன்றாகப் பாடும்.

ஆனால் கடைசிப் பகுதியில் ஓர் இடம் வரும். பெரிய முரசு மூன்று தடவை அதிரும். முதல் வயலின்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அப்போது எட்டே எட்டுக் கட்டங்களுக்குப் பாட்டு எங்களுடையது. கட்டம் என்றால் இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்திருப்பார்களே, அது. எட்டுக் கட்டம் ஆனதும் எங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. பிறகு பழையபடி 'டக டக'.

அம்மா எங்கள் கச்சேரி எதற்கும் வந்ததில்லை. அவர் லாண்டரி வைத்திருக்கிறார். விடுதிகளின் போர்வைகள் ஞாயிற்றுக்கிழமைதான் மலை மாதிரி வந்து குவியும். இந்தத் தடவை கச்சேரிக்காக மதியம் கடையை மூடுவதாகச் சொல்லியிருந்தார். அதோடு விட்டாரா, தினமும் ஒரு கேள்வி. "அத்தனை பேர் வாசிக்கறீங்க. உன்னோட பாட்டு எதுன்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

"பெரிய முரசு மூணு தடவை அடிக்கும். அப்புறம் வர்றது எங்களோடதும்மா" என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பாட்டின் தொடக்கத்தை நான் ஒருநாளும் வாசித்ததில்லை.

ஏன் என்று சொல்கிறேன். வயலின்காரர்களுக்கு இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு, ஒரு தாள். கேட்க வந்தவர்களுக்குப் பக்கமாக உட்காருபவர் வெளிப்பக்கம். அவருக்கு அடுத்தவர் உள்பக்கம். பக்கம் முடியும்போது வெளிப்பக்கம் நிற்காமல் வாசிக்கும். உள்பக்கம் வயலினை இறக்கி, தாளைத் திருப்பிவிட்டு, மறுபடி வயலினைத் தோளில் ஏற்றிச் சேர்ந்துகொள்ளும். இதுதான் வழக்கம்.

மூன்றாவது ஸ்டாண்டில் நான் உள்பக்கம். வெளிப்பக்கம் கொக்கு. அவனுக்குப் பதின்மூன்று வயது. கழுத்தும் நீளம், கையும் நீளம், பேச்சு மட்டும் குட்டை. தாளைப் பார்க்காமல் அவனால் ஒரு சுரம்கூட வாசிக்க முடியாது. அவன் பெயரைக் கேட்டால்கூடத் தாளைப் பார்த்துத்தான் சொல்வான் என்று நினைக்கிறேன். ஆனால் தாள் கண்ணெதிரே இருந்தால் பிசகாமல் வாசிப்பான்.

எங்கள் எட்டுக் கட்டம் எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? புதுப் பக்கத்தின் முதல் வரியில். அதற்கு முன்னால் மூச்சு விடக்கூட இடமில்லை. நான் திருப்பி முடித்து வில்லை எடுப்பதற்குள் நாலு கட்டம் போயிருக்கும்.

ஒரு தடவை கொக்கிடம் கேட்டுப் பார்த்தேன். "ஒரே ஒரு தடவை நீ திருப்பேன். நான் வாசிக்கறேன்."

"வெளிப்பக்கம் திருப்பாது" என்றான். அவ்வளவுதான் பதில். என்னமோ நான் அவன் மூக்கைக் கேட்ட மாதிரி.

நான் விடுவேனா? பக்கத்தின் கடைசி வரியை இரண்டு வாரம் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். ஒரு வரி முன்னாலேயே பக்கத்தைத் திருப்பிவிட்டால், வயலினைத் தோளில் வைக்க நேரம் கிடைக்கும். அருமையான திட்டம். அதில் ஒரே ஒரு ஓட்டை. கடைசி வரி எனக்கு மனப்பாடம், கொக்குக்கு இல்லை.

கச்சேரிக்கு முந்தைய வாரச் சனிக்கிழமை. நான் துணிந்து ஒரு வரி முன்னால் திருப்பினேன். கொக்கு திருதிருவென்று விழித்தான். அவன் வில் ஆகாயத்தில் நின்றது. எங்களைப் பார்த்துப் பின்வரிசையும் தடுமாறியது. சார் கையைத் தட்டி எல்லோரையும் நிறுத்தினார்.

சார்தான் எங்களை நடத்துபவர். அந்தக் காலத்தில் டிராம்போன் என்கிற ஊதுகருவி வாசித்தவராம். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், கண்ணாடியைக் கழற்றுவார். அன்றைக்குக் கழற்றினார். "மூணாவது ஸ்டாண்டு வெளிப்பக்கம், எங்க போனீங்க?" என்று கொக்கைக் கேட்டார்.

கொக்கு எழுந்து நின்றான். "தப்பாயிடுச்சு சார்" என்றான். என் பக்கம் கையைக் காட்டவில்லை. நானாவது எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுபடியும் வாசித்தோம். இந்தத் தடவை ஒழுங்காகத்தான் திருப்பினேன். ஆனாலும் சார் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

"செகண்ட் வயலின், மூணு மாசமாச் சொல்றேன். இவ்வளவு நேரம் டக டகன்னு நல்லா சத்தமா வாசிக்கறீங்க. பாட்டு வந்ததும் சத்தம் பாதியாப் போயிடுது. அடுத்த சனிக்கிழமையும் இப்படியே இருந்தா இந்த எட்டுக் கட்டத்தை ஃபர்ஸ்ட் வயலினுக்குக் கொடுத்துடுவேன். மறுநாள் கச்சேரி. எனக்கு வேற வழி இல்லை."

எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. முரசு மூன்று தடவை அடிக்கும். அம்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வரும் பாட்டு யாருடையதாகவோ இருக்கும்.

இடைவேளையில் எங்கள் வரிசையின் தலைவி எல்லோரையும் கூட்டினார். நாங்கள் லீடர் அக்கா என்போம். முதல் ஸ்டாண்டு, வெளிப்பக்கம். "பின்னாடி உக்காந்திருக்கிறவங்க யாரோ வாசிக்கிற மாதிரி நடிக்கறீங்க. வீட்டுல பிராக்டிஸ் பண்ணுங்க" என்று கடுகாகப் பொரிந்துவிட்டுப் போனார்.

நான் யோசித்தேன். பக்கம் திருப்பும்போது நான் வாசிப்பதில்லை, சரி. ஆனால் பத்துப் பேரில் ஒருத்தி குறைந்தால் சத்தம் பாதியாகிவிடுமா? அப்படியென்றால் வேறு யாரோ ஏமாற்றுகிறார்கள். யாரது? எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொக்கு மேல்தான் சந்தேகம் வந்தது. வாயைத் திறக்காதவன் வில்லை மட்டும் அழுத்தியா வாசிப்பான்?

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். இடைவேளை முடிந்ததும் அம்மாவின் பழைய போனில் பதிவைத் தட்டிவிட்டு, அதை நாற்காலிக்கு அடியில் வைத்தேன்.

அந்த வாரம் இசைத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோவது என் முறை. ஒரு வாரம் கொக்கு, ஒரு வாரம் நான். அவன் தாளை என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் கடையில் அம்மாவோடு போர்வை மடித்தேன். போர்வை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, முதலில் 'சரேல்' என்று உதற வேண்டும். அப்போதுதான் சுருக்கம் போகும். இஸ்திரி மேசை மேல் போனை வைத்து, பதிவை ஓடவிட்டேன்.

'டக டக' ஓடியது. முரசு அடித்தது. பாட்டு வந்தது. நான் காதைக் கூர்மையாக்கினேன். கொக்கின் வயலின் பக்கத்திலேயே கேட்டது. முதல் கட்டத்திலிருந்து எட்டாவது கட்டம் வரை ஒரு சுரம் விடவில்லை. அழுத்தமாக, அழகாக வாசித்திருந்தான். ஒருத்தனாக மூன்றாவது ஸ்டாண்டையே தூக்கிக்கொண்டு ஓடியிருந்தான்.

என் முகம் தொங்கிப் போயிற்று. திருடனைப் பிடிக்கப் போய் இப்படி ஆகிவிட்டதே.

அப்போது அம்மா போர்வையைப் பிடித்தபடியே கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுவுல யாரு போர்வை உதறுறது?"

"அங்க ஏதும்மா போர்வை?"

"எனக்குத் தெரியாத சத்தமா? திருப்பிப் போடு."

போட்டேன். முரசு மூன்று தடவை. உடனே, சரேல். பாட்டு.

மறுபடி போட்டேன். இந்தத் தடவை போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். ஒரு 'சரேல்' இல்லை. ஒன்றை ஒட்டி ஒன்றாக ஐந்து. சரேல், சரேல், சரேல், சரேல், சரேல்.

எங்கள் வரிசையில் பத்துப் பேர். ஐந்து ஸ்டாண்டு. ஐந்து உள்பக்கம். எல்லாத் தாளிலும் பக்கம் அதே இடத்தில்தான் முடிகிறது. நான் மட்டுமா திருப்புகிறேன்? ஐந்து பேரும் அதே நேரத்தில் வயலினை இறக்குகிறோம். பாட்டை வாசிப்பது மிச்சம் ஐந்து பேர்தான். பத்தில் ஐந்து.

"அம்மா, பாதி" என்றேன்.

"என்னடி பாதி? போர்வை தரையில போகுது பாரு" என்றார் அம்மா.

இதை ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். சார் டிராம்போன்காரர். அவர்களுக்கு ஆளுக்கொரு ஸ்டாண்டு. லீடர் அக்கா எப்போதும் வெளிப்பக்கம். அவர் ஒரு பக்கம்கூடத் திருப்பியதில்லை. திருப்புகிற நாங்களோ, அது எங்கள் வேலை என்று பேசாமல் திருப்பிக்கொண்டிருந்தோம். ஆளாளுக்கு 'நான் ஒருத்தி இல்லாவிட்டால் என்ன' என்ற நினைப்பு.

காரணம் தெரிந்துவிட்டது. இனி வழி வேண்டும். திருப்பாமல் இருக்க முடியாது. முன்னால் திருப்பினால் கொக்கு மாதிரி ஐந்து பேர் விழிப்பார்கள். எட்டுக் கட்டம் முடிந்தபின் ஓய்வு வருகிறதே, அங்கே திருப்பினால் சுகமாக இருக்கும். அதற்கு அந்த எட்டுக் கட்டமும் பழைய பக்கத்தோடு கண்ணில் பட வேண்டும்.

அப்படியானால் அந்த எட்டுக் கட்டத்தை மட்டும் துண்டுத் தாளில் எழுதி, பழைய பக்கத்துக்குக் கீழே தொங்கவிட வேண்டியதுதான்.

எழுத உட்கார்ந்தேன். இசைக் குறி எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அண்ணன் எட்டிப் பார்த்து, "தலைப்பிரட்டை வளர்க்கிறியா?" என்றான். முதல் தாள் கடையின் நீராவியில் நமத்துப் போனது. இரண்டாவதில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டேன். கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஒரு நாளைக்கு ஒன்றுதான் ஒழுங்காக வந்தது. வெள்ளிக்கிழமை ஐந்தாவதை முடித்தபோது விரல் வீங்கியிருந்தது. ஆனால் அந்த எட்டுக் கட்டமும் கண்ணை மூடினால் தெரிந்தது.

அம்மாவிடம் துணி கிளிப் ஐந்து கேட்டேன். மரக் கிளிப் ஐந்து கொடுத்தார். அதில் ஒன்றுக்கு ஸ்பிரிங் தொளதொளவென்று இருந்தது. வேறு கிளிப் எல்லாம் கொடியில் வேலையாக இருந்தன. தொளதொளத்ததை என் பையில் தனியாக வைத்தேன். அது என் ஸ்டாண்டுக்கு. மற்றவர்களுக்கு நல்லதுதானே கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை அரை மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். முதலில் ரப்பர் மேடத்தைத் தாண்ட வேண்டும். இசைத்தாள்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அவை வேறொரு குழுவிடம் கேட்டு வாங்கியவை, திருப்பிக் கொடுக்க வேண்டியவை. தாளில் பென்சிலால் புள்ளி வைத்தால்கூட, கச்சேரி முடிந்ததும் மேடம் சோப்புக்கட்டி அளவு ரப்பரால் அழித்துவிடுவார்.

"பேனாவால எழுதினியா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம், தாள்ல ஒண்ணுமே எழுதலை."

"கோந்து?"

"இல்ல மேடம்."

"டேப்பு?"

"இல்ல. ஸ்டாண்டுல கிளிப் போட்டு மாட்டுவேன். உங்க தாளை அது தொடவே தொடாது."

கிளிப்பை வாங்கி, அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். "அப்ப அழிக்க எனக்கு வேலை இல்லை. மாட்டிக்கோ" என்றார்.

அடுத்தது கொக்கு. இதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் வயலின் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான். நான் போய் எதிரே நின்றேன்.

"போன வாரம் முன்னாடியே திருப்பினது நான். திட்டு வாங்கினது நீ. நான் எந்திரிச்சு சொல்லியிருக்கணும். தப்பு என்மேலதான்."

அவன் வில்லைத் துடைத்தான்.

"இன்னொண்ணும் இருக்கு. நீ சரியா வாசிக்கலைன்னு நினைச்சு, உன்னைப் பிடிக்கிறதுக்காக ரெக்கார்டு பண்ணினேன்."

இப்போதுதான் நிமிர்ந்தான். "என்னையா?"

"ஆமா. கேளு."

போனைக் காதில் வைத்துக் கேட்டான். அவன் வயலின் அவனுக்கே கேட்டது. அப்புறம் ஐந்து 'சரேல்' கேட்டது. நான் துண்டுத் தாளை நீட்டினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். "ஆறாவது கட்டத்துல ஒரு சுரத்துக்கு வால் போடலை" என்றான். பென்சிலை எடுத்து அவனே வாலைப் போட்டான். மிச்சம் நாலு தாளையும் வாங்கிச் சரிபார்த்தான். எல்லாவற்றிலும் அதே வால் இல்லை. கொக்கு சமாதானம் ஆகிவிட்டான் என்பது எனக்குப் புரிந்தது.

லீடர் அக்காவிடம் போனபோது, "இன்னிக்கா இதெல்லாம்? நேரமில்லை" என்று சொல்லிவிட்டார். நான் அவர் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர் சுருதி சேர்த்தார், நின்றேன். வில்லுக்குப் பிசின்கட்டி தேய்த்தார், நின்றேன். "சும்மாவா அட்டைன்னு பேரு வெச்சாங்க. மாட்டித் தொலை" என்றார் கடைசியில்.

சார் மேடையேறினார். எங்கள் பக்கம் பார்த்தார். ஐந்து ஸ்டாண்டிலும் கிளிப் போட்டுக் காகிதம் தொங்கியது.

"என்ன இது, துணி காயப் போட்டிருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். போன வாரம் ஒட்டிக்கொண்ட நாக்கு இந்த வாரம் ஒட்டக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

"சார், ஒரு நிமிஷம் கொடுங்க. செகண்ட் வயலின்ல உள்பக்கம் உக்காந்திருக்கிறவங்க மட்டும் கை தூக்குங்க."

என் கையோடு சேர்த்து ஐந்து கை.

"நம்ம பாட்டோட முதல் கட்டத்தை இந்தக் கூடத்துல ஒரு தடவையாவது வாசிச்சவங்க, கையை அப்படியே வெச்சுக்கோங்க. வாசிக்காதவங்க இறக்கிடுங்க."

ஐந்து கையும் இறங்கின.

ஐந்தாவது ஸ்டாண்டில் ஒரு சின்னப் பையன், ஒன்பது வயதுதான் இருக்கும், மெதுவாகச் சொன்னான். "நான் வீட்டுல மட்டும்தான் வாசிப்பேன் சார். இங்க வந்தா பக்கம் திருப்பணும்."

லீடர் அக்கா திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். மூன்று மாதமாகப் பக்கத்தில் இருந்தும் இப்போதுதான் முதல் தடவை பார்ப்பது போலிருந்தது. "நடிக்கறீங்கன்னு சொன்னேன். சாரி" என்றார்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டார். "இருபது வருஷம் வாசிச்சேன். எப்பவும் தனி ஸ்டாண்டு. என் புத்திக்கு இது எட்டவே இல்லை" என்றார். "சரி, வாசிங்க. பாக்கலாம்."

முரசு மூன்று தடவை அடித்தது. நான் வயலினை இறக்கவில்லை. பத்து வில்லும் ஒன்றாக இறங்கின. அந்தச் சத்தம் இருக்கிறதே, சாப்பாட்டுக் கூடத்தின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முதல் வயலின்காரர்கள் கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தார்கள். எட்டுக் கட்டமும் வாசித்தோம். ஓய்வில் ஐந்து பக்கமும் நிதானமாகப் புரண்டன.

சார் நிறுத்தவில்லை. கையை ஆட்டிக்கொண்டே எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பாட்டு எங்களிடமே தங்கிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணிக்கு நகர மண்டபத்தில் கச்சேரி. நாற்காலிகள் நிரம்பிவிட்டன. மூன்றாவது வரிசையில் அம்மாவைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அண்ணன், கொட்டாவியோடு.

முதல் பகுதி நன்றாகப் போயிற்று. இரண்டாவது பகுதியும். கடைசிப் பகுதியில் 'டக டக' சூடு பிடித்தது. பக்கத்தின் பாதிக்கு வந்திருப்போம். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. துண்டுத் தாள் படபடவென்று ஆடியது. தொளதொள கிளிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

'டப்' என்று கிளிப் தெறித்தது. தாள் பறந்துபோய் முன்வரிசை நாற்காலிக்கு அடியில் விழுந்தது.

என் கை வாசித்துக்கொண்டே இருந்தது. மனசு மட்டும் ஓடியது. எட்டுக் கட்டமும் எனக்கு மனப்பாடம். பக்கத்தைத் திருப்பாமலே வாசித்துவிடுவேன். ஆனால் கொக்கு? தாள் இல்லாவிட்டால் அவன் வில் போன வாரம் மாதிரி ஆகாயத்தில் நின்றுவிடும். இவ்வளவு பேர் முன்னால்.

நான் திருப்பினால் அவன் வாசிப்பான். என் பாட்டு போகும். ஆனால் அவனை இன்னொரு தடவை மாட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. இன்னும் இரண்டே கட்டம். நான் வயலினைத் தோளிலிருந்து இறக்கத் தொடங்கினேன்.

கொக்கு என்னைப் பார்த்தான். தலையை 'வேண்டாம்' என்று ஆட்டினான். பிறகு, அறுபத்திரண்டு பேர் குழுவில் யாரும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தான். தன் வயலினை மடியில் இறக்கினான். நீளமான கையை என் முன்னால் நீட்டிப் பக்கத்தைப் பிடித்தான்.

"வாசி" என்றான்.

முரசு மூன்று தடவை அதிர்ந்தது. சரேல் என்று பக்கம் புரண்டது. நான் வாசித்தேன்.

மூன்றாவது ஸ்டாண்டை ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு ஓடுவது எப்படி என்று அவன் வயலினைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தேன். வில்லை அழுத்திப் பிடித்தேன். ஒரு கட்டம், இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது கட்டத்தில் கொக்கின் வயலின் என்னோடு வந்து சேர்ந்தது. ஆறாவதில் அவன் வால் போட்ட சுரம் வந்தது. அதை இருவரும் ஒன்றாக வாசித்தோம். எட்டாவது கட்டம் முடிந்ததும் அவன் முன்னால் பார்த்துக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

கைத்தட்டல் ஓய வெகுநேரமாயிற்று. சார் முதல் வேலையாக இரண்டாம் வயலின் வரிசையை எழுந்து நிற்கச் சொன்னார். வெளிப்பக்கமும் உள்பக்கமும் சேர்ந்து நின்றோம்.

வெளியே வந்தபோது அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது. "முரசு மூணு தடவை அடிச்சுது. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். உன் பாட்டைக் கண்டுபிடிச்சுட்டேன்டி" என்றார். என் தலைமுடியைக் கலைத்தார், அவரே சரி செய்தார்.

பிறகு ஏதோ நினைவு வந்தவராக நெற்றியைச் சுருக்கினார்.

"ஆனா நடுவுல ஒரே ஒரு போர்வைச் சத்தம் கேட்டுச்சே. பக்கம் திருப்பினது நீதானே?"

"இல்லம்மா" என்றேன். "நான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன்."